வரிசை என்றொரு வருணாசிரமம்!

“வயது?”

“நாற்பத்தொன்று.”

“படிப்பு?”

“எட்டாம் வகுப்பு.”

“வேலை?”

“சத்துணவுக் கூடத்திலே சமையல்.”

“வேண்டுவது?”

“பி.ஏ. வரலாறு!”

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரிப்பதைக் கண்ட பக்கத்து மேசைக்காரர், என்னவென்று கேட்டார், தெரிந்துகொண்டார், அவரும் சிரித்தார். பின்னால் நின்ற மாணவியர் இருவர் வாயைப் பொத்திக்கொண்டனர். விண்ணப்பம் கேட்ட அம்மையார் சிரிக்கவில்லை. துணைக்குச் சென்றிருந்த நானும் சிரிக்கவில்லை.

“பத்தாவது எழுதுங்கள். பிறகு பதினொன்று. பிறகு பன்னிரண்டு. எல்லாவற்றையும் முடித்துவிட்டு வாருங்கள் அம்மா. எதற்கும் ஒரு வரிசை உண்டல்லவா!” என்றார் எழுத்தர்.

வரிசை! தோழர்களே, அந்த ஒரு சொல்லைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

நியாயவிலைக் கடையிலே வரிசை உண்டு. முதலில் வந்தவர் முதலில் பெறுவார். பின்னால் வந்தவருக்கும் பொருள் உண்டு. அந்த வரிசையை நாம் மதிக்கிறோம். அந்த அலுவலகத்திலே சொல்லப்பட்ட வரிசை வேறு வகை. பதினைந்து வயதிலே நிற்க முடியாமற் போனவர் நாற்பத்தொன்றிலே வந்து நின்றால், “உனக்கு என்ன தெரியும்?” என்று அது கேட்பதில்லை. “எந்த வழியாக வந்தாய்?” என்று கேட்கிறது. அறிவை அளக்க மறுக்கிறது. வந்த வழியை விசாரிக்கிறது. “எந்தக் குலத்திலே பிறந்தாய்?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திய பழைய கேள்விக்கும், இந்தப் புதிய கேள்விக்கும் உறவு உண்டா, இல்லையா? உண்டு என்பது என் வழக்கு. தீர்ப்பு உங்களுடையது.

அந்த அம்மையார் யார்? நான் பணியாற்றும் பள்ளியின் சத்துணவுக் கூடத்துச் சமையலர். காலையிலே அடுப்பு மூட்டுவார். பிற்பகலிலே பாத்திரங்களைக் கழுவி அடுக்கிய பின், என் வகுப்பறையின் பின்புறப் படிக்கட்டிலே வந்து அமர்வார். ஓய்வுக்காக அமர்கிறார் என்றே எண்ணியிருந்தேன்.

ஒருநாள், 1876இல் தொடங்கிச் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சத்தைப் பற்றிப் பாடம் நடத்தினேன். தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் சொல்லிச் சொல்லி நடுங்கிய பஞ்சம். பஞ்ச நிவாரண வேலையிலே மண் சுமக்கும் கூலியாளுக்கு, நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877இல் சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற வெள்ளை அதிகாரி குறைத்த கதையைச் சொன்னேன். மணி அடித்தது. மாணவர்கள் ஓடினர். அம்மையார் எழுந்து வந்தார்.

“சார், ஒரு ராத்தல் என்றால் எத்தனை கிராம்?”

“ஏறத்தாழ 450 கிராம் அக்கா.”

“குடும்பத்துக்கா? ஆளுக்கா?”

“ஆளுக்கு.”

“பருப்பு, உப்பு, மிளகாய்?”

“அந்த ஓர் அணாவிலே வாங்கிக்கொள்ள வேண்டும்.”

“பஞ்சத்திலே ஓர் அணாவுக்கு எவ்வளவு பருப்பு கிடைத்திருக்கும் சார்? வெறும் சோறு தின்றால் வயிறு நிறையும், உடம்பு நிற்காதே! நாள் முழுக்க மண் சுமப்பவனுக்கு இது எப்படிப் போதும்? அந்த அதிகாரி ஒருநாளாவது உலை வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.”

மூன்றாண்டுகள் கல்லூரியிலே வரலாறு படித்தவன் நான். டெம்பிள் கூலி என்ற சொல்லைத் தேர்விலே எழுதி மதிப்பெண் வாங்கியவன். பருப்பு எங்கே என்று எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. அன்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் என்ற மருத்துவர், இந்த உணவு உழைப்பாளியின் உடலைக் காக்காது என்று டெம்பிளை எதிர்த்து வாதாடினார். மருத்துவக் கல்வி தந்த அறிவைக் கொண்டு கார்னிஷ் கேட்ட கேள்வியை, அடுப்பங்கரை தந்த அறிவைக் கொண்டு அம்மையார் கேட்டார்!

அதன் பிறகு அவருக்குப் புத்தகங்கள் கொடுக்கத் தொடங்கினேன். என் அலமாரி தீர்ந்தது. ஊர்க் கிளை நூலகத்திலே உறுப்பினரானார். ஈராண்டு சென்றபின் ஒருநாள் கேட்டார்: “சார், இதை முறையாகப் படிக்க முடியுமா? ஒரு பட்டத்துக்கு?” அந்தக் கேள்விதான் எங்களை அந்த அலுவலகத்து மேசை வரை அழைத்துச் சென்றது, சிரிப்பிலே கொண்டு நிறுத்தியது.

எட்டாம் வகுப்போடு ஏன் நின்றார்? 1997இல் அவர் எட்டாம் வகுப்பு முடித்தபோது, உயர்நிலைப் பள்ளி நான்கு கல் தொலைவு. காலையிலே ஒரு பேருந்து. மாலையிலே ஒரு பேருந்து. வீட்டிலே தம்பிகள் இருவர். பெண்ணோ ‘பெரியவள்’ ஆகிவிட்டாள். தந்தை கணக்குப் போட்டார், பாட்டி சாத்திரம் சொன்னார், ஊர் தலையசைத்தது. முடிந்தது படிப்பு! ‘இடைநின்றவர்’ என்று பதிவேடு எழுதிக்கொண்டது. நின்றாராம்! கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, நின்றார் என்று எழுதும் பதிவேட்டின் நேர்மையை என்னென்பது!

இது ஒருவர் கதையன்று. 2011 மக்கள் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலே எழுத்தறிந்தோர் 80.09 விழுக்காடு. ஆண்களில் 86.77, பெண்களில் 73.44. இரண்டுக்கும் இடையிலே உள்ள 13 விழுக்காடு வானத்திலிருந்து விழுந்ததா? நான்கு கல் தொலைவும், ஒற்றைப் பேருந்தும், பாட்டியின் சாத்திரமும் சேர்ந்து செய்த வேலை அது. எழுத்தறிந்தும் மேலே போகாமல் எட்டிலும் ஒன்பதிலும் நிறுத்தப்பட்டவர்களை இந்தக் கணக்கு எண்ணவே இல்லை. அவர்கள் கட்டட வேலையிலே இருக்கிறார்கள்; பின்னலாடை ஆலையிலே இருக்கிறார்கள்; தீப்பெட்டி ஒட்டுகிறார்கள்; நமக்குச் சோறாக்குகிறார்கள். சமுதாயம் அன்று செய்த குற்றத்துக்கு, இன்று யார் தண்டனை அனுபவிப்பது? குற்றம் செய்த சமுதாயமா? குற்றத்துக்கு ஆளான பெண்ணா?

“சட்டத்திலேயே வழி இல்லை, எழுத்தர் என்ன செய்வார்?” என்று கேட்கக்கூடும். வழி இருந்தது! திறக்கப்பட்ட வழி அது. எப்படி மூடப்பட்டது என்பதையும் சொல்கிறேன்.

1982இல் ஆந்திரத்திலே இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. இன்று அது அண்ணல் அம்பேத்கர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர்களையும் நுழைவுத்தேர்வு வைத்துச் சேர்த்துக்கொண்ட பல்கலைக்கழகம் அது. 1985இல் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காதவர்களுக்காக ஆறு மாத ஆயத்தப் படிப்பு ஒன்றை ஏற்படுத்தியது. அதே 1985இல் பல்கலைக்கழக மானியக் குழு, தொலைநிலைக் கல்விக்கு விதி வகுத்தது. முந்தைய கல்விச் சான்று எதுவுமே இல்லாதவரும், 21 வயது நிரம்பி, பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத்தேர்விலே தேறினால், முதற்பட்டப் படிப்பிலே சேரலாம் என்றது அந்த விதி. தமிழ்நாட்டுக்கென ஒரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் பிறந்தது.

கதவு திறந்தது, உழைப்பாளர்கள் நுழைந்தனர். பகலிலே வேலை, இரவிலே பாடம். தேர்வு எழுதினர், தேறினர், பட்டம் பெற்றனர். பட்டத்தைக் கையிலே பிடித்துக்கொண்டு வெளியே வந்தனர். வந்ததும் என்ன நடந்தது?

2009 பிப்ரவரியிலே உச்சநீதிமன்றம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கொன்றிலே, இளங்கலைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையிலே நேரே பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சரி, அதிலே ஒரு நியாயம் உண்டு என்றே வைத்துக்கொள்வோம். முதல் மாடி கட்டாமல் இரண்டாம் மாடி கட்ட முடியாது என்பதை நானும் ஒப்புகிறேன். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள், தமிழ்நாடு அரசின் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை 107ஆம் எண் அரசாணையை வெளியிட்டது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறிய பிறகு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலே பெற்ற பட்டமே அரசுப் பணிக்கும் பதவி உயர்வுக்கும் செல்லும் என்றது அந்த ஆணை. முதுகலை வழக்கிலே தொடங்கிய பேச்சு, முதற்பட்டக்காரர்களின் தலையிலே வந்து இறங்கியது! இன்றும் அரசுப் பணித் தேர்வு அறிவிக்கைகள் பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையை வற்புறுத்துகின்றன.

பாரதக் கதையிலே ஏகலைவன் வருகிறான். வில் வித்தை கேட்டான், “நீ யார்?” என்று கேட்டு விரட்டினார் துரோணர். அவன் காட்டுக்குப் போனான்; தானே கற்றான். அர்ச்சுனனும் அஞ்சும் வண்ணம் கற்றான். அப்போது தேடி வந்தார் துரோணர். என்ன செய்தார்? தேர்வு வைத்தாரா? அவன் அம்பு இலக்கிலே பாய்கிறதா என்று பார்த்தாரா? பாய்கிறது என்று தெரிந்ததனால்தானே வந்தார்! கட்டைவிரலைக் கேட்டார். கற்க விடாமல் தடுப்பது முதல் கொடுமை. தடையை மீறிக் கற்றவனின் கல்வியைப் பயனற்றதாக்குவது இரண்டாவது கொடுமை. நேர்மையாகத் தேர்வெழுதித் தேறியவரிடம், “உன் பட்டம் உண்மை, ஆனால் வரிசை தவறு, ஆகவே செல்லாது” என்று சொல்லும் ஆணை, எந்த விரலைக் கேட்கிறது தோழர்களே?

ஆணை பிறந்தது எவர் ஆட்சியிலே? பகைவர் ஆட்சியிலா? நம்முடைய இயக்கத்தின் பிள்ளைகள் கோட்டையிலே அமர்ந்திருந்த காலத்திலே! இதை மறைக்க எனக்கு மனமில்லை. வலிக்கிறது, வலிப்பதனால்தான் எழுதுகிறேன். மாற்றானின் தவறை ஏழு தெரு கேட்கச் சொல்லிவிட்டு, வீட்டுத் தவறைப் போர்வை போட்டு மூடுவது பகுத்தறிவாளன் பண்பாகாது.

நம் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பாருங்கள். பள்ளியிலே சில ஆண்டுகளே இருந்த ஈரோட்டுப் பெரியார் 1925இல் குடிஅரசு ஏட்டைத் தொடங்கினார். பட்டதாரிகளுக்குப் பாடம் சொன்னார். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட காமராசர், 1954இல் முதலமைச்சரானார். முந்தைய ஆட்சி 1953இல் கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம், நாம் குலக்கல்வி என்று எதிர்த்த திட்டம், ஒழிந்தது. ஊர்தோறும் பள்ளி எழுந்தது. பள்ளி இறுதித் தேர்விலே தேறாத கலைஞர் ஐந்து முறை முதலமைச்சரானார். பல்கலைக்கழகம் அவரை அழைத்து மதிப்புறு முனைவர் பட்டம் கொடுத்தது. அந்தப் பட்டத்துக்கு வரிசை கேட்டவர் உண்டா? இல்லை. கேட்டிருந்தால் நாமே கொதித்தெழுந்திருப்போம். தலைவருக்கு வரிசை வேண்டாம். சத்துணவுச் சமையலருக்கு மட்டும் வரிசை வேண்டுமா?

படிப்பகங்களை எண்ணிப் பாருங்கள்! தேநீர்க் கடையிலே, முடிதிருத்தும் நிலையத்திலே, ஒருவர் ஏட்டை உரக்கப் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சூழ்ந்து நின்று கேட்டு, கேள்வி எழுப்பி, வாதாடி, அறிவு பெற்ற காலம் ஒன்று உண்டே! இந்த இயக்கம் அங்கேதான் வளர்ந்தது. சான்றிதழ் இல்லாதவருக்குச் சிந்தனை உண்டு என்று நாட்டுக்கு மெய்ப்பித்துக் காட்டிய இயக்கம், சான்றிதழ் வரிசையைக் கும்பிடலாமா? சாமியை விட்டுவிட்டோம், சடங்கை விடவில்லையா?

இனி எதிர்வாதத்துக்கு வருகிறேன்.

“தரம் கெட்டுவிடும்!” என்கிறார்கள். பழைய பாட்டு இது. பெண் படித்தால் தரம் கெடும் என்றார்கள். கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் 1881இல் பெண்களைத் தேர்வெழுத அனுமதித்தது. ஆண் எழுதிய அதே தேர்வை எழுதினார்கள், தேறினார்கள். பட்டம்? 1948 வரை முழு உரிமையுடன் கிடைக்கவில்லை! 67 ஆண்டுகள், தேறியவருக்குப் பட்டம் இல்லை! தரம் காத்தார்களாம்! இன்று அதை நினைத்து அந்தப் பல்கலைக்கழகமே நாணுகிறது. நம் நாட்டிலே முத்துலெட்சுமி அம்மையார் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியிலே சேரப் போனபோதும் எதிர்ப்புக் கூச்சல் கிளம்பியது. அவர் 1912இல் மருத்துவப் பட்டம் பெற்று வெளியே வந்தார். கல்லூரியும் கெடவில்லை, மருத்துவமும் கெடவில்லை.

தரம் என்பது எங்கே இருக்கிறது? நுழையும் வாயிலிலா? வெளியேறும் வாயிலிலா? இங்கிலாந்து இந்தக் கேள்விக்கு விடை கண்டது. ஸ்காட்லாந்துச் சுரங்கத் தொழிலாளியின் மகள் ஜென்னி லீ. தொழிற்கட்சி அரசிலே அமைச்சர். வில்சன் 1963இல் முன்வைத்த கருத்துக்கு உருவம் கொடுத்தவர் அவர். 1966இல் வெள்ளையறிக்கை, 1969இல் அரச சாசனம், 1971 சனவரியிலே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதல் வகுப்பு. நுழையச் சான்றிதழ் எதுவும் வேண்டாம்! அன்று எதிர்க்கட்சியாக இருந்த கன்சர்வேட்டிவ் கட்சியினர் பலர் எள்ளினர். நம் எழுத்தர் சிரித்தாரே, அதே சிரிப்பு! ஆனால் முதலாண்டிலேயே ஏறத்தாழ 25,000 பேர் சேர்ந்தனர். அஞ்சலிலே பாடம் வந்தது; வானொலியிலும் தொலைக்காட்சியிலும் விரிவுரை வந்தது; அருகிலுள்ள ஊரிலே வழிகாட்டும் ஆசிரியர் இருந்தார்; கோடையிலே தங்கிப் படிக்கும் பள்ளி நடந்தது. எழுதிய கட்டுரையைத் திருத்தினார்கள். தேறாதவரைத் தேறவில்லை என்றார்கள். நுழைவு எளிது; வெளியேற்றம் கடிது. இதுவரை 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே பயின்றுள்ளனர். அவர்கள் பட்டத்தை எந்த அலுவலகமும், “வரிசை எங்கே?” என்று கேட்டுத் திருப்பி எறிவதில்லை.

“அது வெள்ளைக்காரன் ஊர்; இங்கே நடவாது” என்பார்கள். இங்கே நடந்திருக்கிறதே! கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரித் தேர்விலே தோற்றவர் ஒருவர். பட்டம் இல்லை. சென்னைத் துறைமுகத்திலே எழுத்தர் வேலை. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. பட்டம் பெற்றவர்க்கே உரிய உதவித்தொகை! விதியை வளைத்தார்கள். மறு ஆண்டு கேம்பிரிட்சு அழைத்தது. 1916இல் ஆராய்ச்சியைக் கொண்டே பட்டம் கொடுத்தது. அவர்தான் கணித மேதை இராமானுசன். விதி வளைந்ததே என்று நான் குறைகூறவில்லை, வளைந்தது நன்று! வளையாதிருந்தால் உலகம் ஒரு மேதையை இழந்திருக்கும். நான் கேட்பது இதுதான். மேதைக்காக ஒருமுறை வளைந்த விதி, சாதாரண மனிதருக்காக நிமிர்ந்து நேராக நிற்கக் கூடாதா? பெரிய மனிதர்களின் பரிந்துரைக் கடிதம் கிடைத்தவருக்கு மட்டும் திறக்கும் கதவு கருணை. எல்லோருக்கும் ஒரே தேர்வு வைத்துத் திறக்கும் கதவு உரிமை. நமக்குக் கருணை வேண்டாம்.

“போலிப் பட்டங்கள் பெருகிவிட்டன, தொலைநிலைக் கல்வி மையங்கள் சான்றிதழ் விற்கின்றன” என்பது அடுத்த வாதம். இதிலே உண்மை உண்டு. பணத்தை வாங்கிக்கொண்டு விடைத்தாளைப் பார்த்தெழுத விடும் மையங்கள் இருந்தன. அவற்றை மூடுங்கள்! தேர்வைக் கண்டிப்பாக நடத்துங்கள்! பாலிலே தண்ணீர் கலக்கிறான் என்றால் பால்காரனைப் பிடிக்க வேண்டும். பிள்ளைக்குப் பால் கூடாது என்று சட்டம் போடலாமா? பத்தும் பன்னிரண்டும் முடித்தவரும் அதே மையத்திலே அதே போலிப் பட்டத்தை வாங்கலாமே! வரிசை அதைத் தடுக்கிறதா? தடுக்கவில்லை. திருடனைப் பிடிக்காத அந்தப் பூட்டு, வீட்டுக்கு உரியவளை மட்டும் வெளியே நிறுத்துகிறது.

“பத்தாவதும் பன்னிரண்டும் தனித்தேர்வராக எழுதிவிட்டு வரட்டுமே, என்ன கேடு?” என்பது மூன்றாவது வாதம். இயன்றவர் எழுதட்டும், வாழ்த்துகிறேன். ஆனால் கணக்குப் பாருங்கள். 41 வயது அம்மையார், ஒன்றிலும் தவறாமல் தேறினாலும், பத்துக்கு ஓராண்டு, மேல்நிலைக்கு ஈராண்டு, பட்டத்துக்கு மூன்றாண்டு. 47! வேதியியற் சமன்பாட்டையும் முக்கோணவியலையும் மனப்பாடம் செய்து, பதினைந்து வயதுப் பிள்ளையின் தேர்விலே தேறிக் காட்டினால்தான், பஞ்சத்தின் வரலாற்றைப் படிக்க அவருக்குத் தகுதி உண்டா? அவர் படிக்க வேண்டியவை உண்டு, மறுக்கவில்லை. கோவையாகக் கட்டுரை எழுதப் பழக வேண்டும். ஓரளவு ஆங்கிலம் வேண்டும். படித்ததை நம்பாமல் சான்று கேட்கும் பயிற்சி வேண்டும். இவற்றைக் கற்பிக்க ஓராண்டு மாலை வகுப்பு போதும். அறிவுக்குத் தேவையானதைக் கேளுங்கள், கற்பிப்போம். தீட்டுக் கழிக்கும் சடங்காகக் கேட்காதீர்கள்!

ஆகவே, தோழர்களே, நம் கோரிக்கை மூன்று. 21 வயது நிரம்பியவர், எந்தச் சான்றிதழும் இன்றி, கண்டிப்பான நுழைவுத்தேர்வு எழுதிப் பட்டப்படிப்பிலே சேர இந்நாட்டிலே மீண்டும் வழி வேண்டும். அந்தத் தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் ஓராண்டு மாலை வகுப்பை அரசு கலைக் கல்லூரிகள் கட்டணமின்றி நடத்த வேண்டும். அவ்வழியே நுழைந்து, மற்றவர் எழுதும் அதே தேர்வை எழுதித் தேறியவரின் பட்டம், மற்றவர் பட்டத்தைப் போலவே அரசுப் பணிக்குச் செல்ல வேண்டும். 2009 ஆணை இதற்கேற்பத் திருத்தப்பட வேண்டும். கோட்டையிலே இருப்பவர் எவராயினும் அவரிடம் கேட்போம். நம்மவராயின் இருமடங்கு உரக்கக் கேட்போம்!

கோட்டை கேட்கும் வரை நாம் கைகட்டி நிற்பதா? உங்கள் ஊரிலே படிப்பகம் இருக்கிறதா? பூட்டிக் கிடக்கிறதா? திறவுங்கள். இரவு ஏழு முதல் ஒன்பது வரை இரண்டு மணி நேரம் போதும். ஒரு கரும்பலகை, ஒரு விளக்கு, பட்டம் பெற்ற ஓர் இளைஞர். கட்டட வேலைக்காரரையும், ஆலைத் தொழிலாளியையும், சமையலரையும் அழையுங்கள். “வயதாகிவிட்டதே தம்பி” என்பார்கள். “கற்க வந்தவருக்கு வயது கேட்பதில்லை அண்ணா” என்று சொல்லி உட்கார வையுங்கள்.

விண்ணப்பம் எழுதவும் உதவுங்கள். அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். படிப்பு என்ற கட்டத்திலே எழுத ஒன்றுமில்லையே என்று கூனிக் குறுகி, காகிதத்தை மடித்துப் பையிலே போட்டுக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அவர்களிடம் சொல்லுங்கள்: இடைவெளியை மறைக்காதீர்கள். எந்த ஆண்டு பள்ளியை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்பதை நேராக எழுதுங்கள். அதிலே வெட்கம் உங்களுடையதன்று. செய்த வேலைகளை எழுதுங்கள். இருநூறு பிள்ளைகளுக்கு நாள் தவறாமல் அளந்து ஆக்குவது கணக்கு. சரக்குப் பதிவேடு காப்பது நிர்வாகம். படித்த நூல்களின் பெயரை எழுதுங்கள். எந்தக் கேள்விக்கு விடை தேடிப் படிக்க வருகிறீர்கள் என்பதை ஒரு பக்கத்திலே உங்கள் சொந்தச் சொல்லிலே எழுதுங்கள். அந்த ஒரு பக்கத்தைப் படித்துப் பார்க்கும் பல்கலைக்கழகமே பல்கலைக்கழகம்! படிக்காமலே சிரிப்பது வெறும் கட்டடம்.

அன்று அலுவலகத்திலிருந்து திரும்பும்போது பேருந்திலே நெடுநேரம் அம்மையார் பேசவில்லை. நானும் பேசவில்லை, பேச எனக்கு நாவெழவில்லை. எங்கள் ஊர் நெருங்கியது. அவர் சொன்னார்:

“பத்தாவதுக்குப் பணம் கட்டிவிடுகிறேன் சார். வருவது வரட்டும், எழுதுகிறேன். கணக்குக்கு மட்டும் நீங்கள் துணை இருக்க வேண்டும்.”

“நிச்சயமாக அக்கா.”

“ஆனால், நான் எழுதுகிறேன் என்பதற்காக நீங்கள் கேட்பதை விட்டுவிடாதீர்கள். என்னோடு வேலை செய்கிற அக்காவுக்கு ஐம்பது வயது. அவளுக்கும் புத்தகம் கொடுத்திருக்கிறேன்.”

தோழர்களே! சுங்கத்தைக் கட்டிக்கொண்டே சுங்கச்சாவடியை எதிர்க்கும் துணிவு அந்த அம்மையாருக்கு இருக்கிறது. அவர் ஆறாண்டுப் பாதையிலே அடியெடுத்து வைத்துவிட்டார். அவர் பின்னால் ஐம்பது வயதிலே ஒருவர் புத்தகத்தோடு நிற்கிறார். அவருக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்கள் நிற்கிறார்களே, அதுவும் ஒரு வரிசைதான். நாம் முன்னால் நின்று காக்க வேண்டிய வரிசை அது!